மோட்டார் வண்டியும் வருமான வரியும்

ஒருவன் அடைந்த லாபத்தின் மீது வரி கேட்பது சர்க்காரின் உரிமை. அவன் தன் கையிலிருந்து கொடுத்த பணத்தையும் லாபமென்று எழுதிக்கொண்டு அதன் மீதும் வரி கேட்பது உரிமையாகாது. இது எவருக்கும் எளிதில் விளங்கக்கூடிய நியாயம். ஆயினும், கம்பெனி கொடுத்த மோட்டார் வண்டியை ஓட்டும் சம்பளக்காரர் விஷயத்தில் நம் தேசத்து வருமான வரி விதிகள் இந்த நியாயத்தை வெகு காலமாக மறந்தே வந்திருக்கின்றன. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 536 பிரிவுகள் கொண்ட புதிய வருமான வரிச் சட்டம் 2025இல் நிறைவேறி, 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. சட்டத்தின் பாஷையை எளிதாக்குவதே தங்கள் நோக்கம் என்று அதைக் கொண்டு வந்தவர்கள் சொன்னார்கள். பாஷை எளிதானது நன்றே. அதனுடன் நியாயமும் நேராக வேண்டும் என்பதே நாம் இன்று சொல்ல வந்தது.

"மோட்டார் வண்டியில் போகிறவனுக்காகவா நீங்கள் பரிந்து பேசுகிறீர்கள்? பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவன் எத்தனை லட்சம் பேர்!" என்று நம் நண்பர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் கம்பெனி வண்டி என்றவுடன் டைரக்டர்களின் மாளிகை வாசலில் நிற்கும் வண்டியையே நினைத்துக் கொள்ளக்கூடாது. மருந்துக் கம்பெனியின் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சென்று டாக்டர்களைப் பார்க்கிறவர், பம்பு செட்டும் டிராக்டரும் பழுது பார்க்கக் கிராமம் கிராமமாக அலைகிற எஞ்சினீயர், கடன் வசூலுக்காகவும் ஜாமீன் சொத்தைப் பார்வையிடவும் செல்லும் பாங்கி உத்தியோகஸ்தர் ஆகிய இவர்களுக்கும் வண்டி உண்டு. இவர்களுக்கு அது சுகபோகமன்று. உழவனுக்கு ஏர் எப்படியோ அப்படி ஒரு கருவி. ஞாயிற்றுக்கிழமையன்று அதே வண்டியில் குடும்பத்தாரைக் கோவிலுக்கு அழைத்துச் செல்கிறார்கள் என்பதும் உண்மை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்குத்தான் வரி. அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அந்தப் பயணத்துக்குப் பெட்ரோல் போட்டது யார் என்றுதான் கேட்கிறோம்.

விதி எப்படி இருந்தது என்பதை முதலில் பார்ப்போம். 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் 3வது விதி இவ்விஷயத்தைப் பற்றியது. கம்பெனிக்குச் சொந்தமான வண்டி முழுவதும் உத்தியோக காரியத்துக்கே ஓடினால், தக்க குறிப்புப் புத்தகம் இருக்கும் பட்சத்தில், வரி இல்லை. வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போய் வருவதும் சலுகையாகக் கருதப்படவில்லை. உத்தியோக காரியம், சொந்தக் காரியம் இரண்டுக்கும் ஓடும் வண்டிக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை நிர்ணயித்து, அதைச் சம்பளத்தோடு கூட்டினார்கள். 2009இல் ஏற்பட்ட திருத்தத்தின்படி, எஞ்சின் கொள்ளளவு 1.6 லிட்டருக்கு மேற்படாத வண்டிக்கு மாதம் ரூ. 1,800, மேற்பட்டதற்கு ரூ. 2,400, கம்பெனி டிரைவரையும் கொடுத்தால் இன்னும் ரூ. 900. சொந்தப் பயணத்துக்கான செலவு முழுவதையும் உத்தியோகஸ்தரே ஏற்றுக்கொண்டால் ரூ. 1,800 என்பது ரூ. 600 ஆகவும், ரூ. 2,400 என்பது ரூ. 900 ஆகவும் குறையும்.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது தாராளமான விதி என்றே தோன்றும். ஆனால் "முழுவதையும்" என்ற ஒரு சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. சொந்தப் பயணச் செலவில் முழுவதையும் கொடுத்தவனுக்குக் குறைப்பு உண்டு. முக்காற்பங்கு கொடுத்தவனுக்கு ஒன்றுமில்லை. அவன் கம்பெனிக்கே மாதந்தோறும் ஒரு தொகை செலுத்தி வந்தாலும், நிர்ணயித்த மதிப்பிலிருந்து அதைக் கழிக்க அந்த விதி இடங்கொடுக்கவில்லை. முற்றிலும் சொந்த உபயோகத்துக்கே கொடுக்கப்பட்ட வண்டியாயிருந்தால், உத்தியோகஸ்தர் செலுத்தியதைக் கழிக்க அதே விதியில் இடமிருந்தது! ஊருக்கு உழைக்க ஓடுகிற வண்டிக்கு இல்லாத கழிவு, உல்லாசத்துக்கே ஓடுகிற வண்டிக்கு இருந்தது என்றால், இந்த முரண்பாட்டுக்கு யார் சமாதானம் சொல்வார்?

ஓர் உதாரணம் சொல்வோம். ஒரு பிரதிநிதிக்குக் கம்பெனி சிறிய வண்டி ஒன்று கொடுத்திருக்கிறது. பெட்ரோலுக்கு மாதம் இவ்வளவுதான் என்று வரம்பு கட்டியிருக்கிறது. அந்த வரம்புக்கு மேல் ஆகிற செலவு அவருடையது. அவர் மாதம் ரூ. 3,000 தன் பையிலிருந்து போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு ரூ. 36,000 ஆயிற்று. விதி அவர் அடைந்த நன்மையை மாதம் ரூ. 1,800 வீதம், வருஷத்துக்கு ரூ. 21,600 என்று கணக்கிட்டது. அவர் கொடுத்ததோ அதற்கும் மேல். ஆயினும் அந்த ரூ. 21,600 முழுவதும் அவருடைய வருமானத்தில் சேர்ந்தது. 20 சதவீதப் படியில் இருப்பவருக்கு அதன் மீது வரி ரூ. 4,320, அதற்கு மேல் 4 சதவீதச் செஸ். தொகை பெரிதன்று என்று சொல்லலாம். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் வீட்டில் ஒரு பிள்ளையின் புத்தகச் செலவு இது. தொகை சிறிதேயானாலும், பெறாததைப் பெற்றதாக எழுதுவது கணக்காகாது.

இந்த விதியின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எட்டு லட்சம் ரூபாய் விலையுள்ள சிறிய வண்டிக்கு மாத மதிப்பு ரூ. 1,800. ஒரு கோடி ரூபாய் விலையுள்ள பெரிய எஞ்சின் வண்டிக்கு ரூ. 2,400. விலையில் பன்னிரண்டரை மடங்கு வித்தியாசம். வரிக் கணக்கிலோ ஒன்றே கால் மடங்குக்குச் சற்று மேல். கோடி ரூபாய் வண்டியில் டிரைவரோடு போகிற டைரக்டருக்கு வருஷம் முழுவதற்கும் சேர்த்து ரூ. 39,600 தான் நன்மையாம்! அந்த டிரைவருக்கு மூன்று மாதம் சம்பளம் கொடுக்க அது போதுமா என்பதை வாசகர்களே நினைத்துப் பார்க்கலாம். ஆகவே, நிர்ணயத் தொகை குறைவாயிருந்தபடியால் எல்லோரும் லாபமடைந்தார்கள் என்று வாதிப்பவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: லாபம் பெரும்பாலும் மேலே இருப்பவர்களுக்குப் போயிற்று, கொடுத்த காசுக்குக் கணக்கில்லாமற் போனது கீழே இருப்பவர்களுக்கு. அந்நியர் ஆட்சியில் ஏற்றத்தாழ்வுள்ள வரிகளை எதிர்த்துப் பேசிய நாம், நம்மவர் எழுதிய விதியில் அதே ஏற்றத்தாழ்வு இருக்கக் கண்டு வாளாவிருப்பது தகாது.

இதே தகராறு ஜெர்மனியில் எழுந்து தீர்ந்த வரலாறு நமக்குப் படிப்பினையாகும். அங்கே கம்பெனி வண்டியைச் சொந்தக் காரியத்துக்கும் உபயோகிக்கும் உத்தியோகஸ்தருக்கு, வண்டியின் பட்டியல் விலையில் ஒரு சதவீதத்தை மாதந்தோறும் வருமானமாகக் கூட்டுவது 1996 முதல் வழக்கம். வீட்டுக்கும் வேலை ஸ்தலத்துக்கும் இடையேயுள்ள ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மாதம் 0.03 சதவீதம் வேறு. வேண்டாதவர் பயணக் குறிப்புப் புத்தகம் வைத்து உண்மைச் செலவைக் காட்டலாம். நம்முடையதைவிடக் கடுமையான விதிதான். ஆனால் விலைக்கேற்ற விதி.

அந்த நாட்டில் ஓர் ஊழியர் 2012இல் கம்பெனி வண்டிக்கான எரிபொருள் செலவு முழுவதையும் தாமே ஏற்றார். அந்தச் செலவு சுமார் 5,600 யூரோ. ஒரு சதவீத முறைப்படி அவர் அடைந்ததாகக் கணக்கிடப்பட்ட நன்மை சுமார் 6,300 யூரோ. "நான் கொடுத்ததைக் கழியுங்கள்" என்றார் அவர். வரி இலாகா மறுத்தது. நிர்ணயத் தொகை என்றால் எல்லாம் அதில் அடக்கம், தனித்தனியே கழிக்க இடமில்லை என்பது இலாகாவின் வாதம். 2007இல் அந்நாட்டின் உச்ச வரி நீதிமன்றமே எரிபொருள் செலவைக் கழிக்க முடியாது என்று சொல்லியிருந்தபடியால், வாதத்துக்குப் பலமும் இருந்தது. ஆனால் மியூனிக் நகரிலுள்ள அதே நீதிமன்றம் 2016 நவம்பர் 30இல் தன் பழைய கருத்தை மாற்றிக்கொண்டது. வண்டிச் செலவில் ஒரு பகுதியை ஊழியரே ஏற்கும்போது அந்த அளவுக்கு அவர் எந்தச் செல்வமும் அடையவில்லை. அடையாத நன்மைக்கு வரியில்லை என்று அது தீர்ப்பளித்தது. 2017 செப்டம்பரில் அந்நாட்டு நிதி மந்திரி இலாகாவும் தீர்ப்பை அனுசரித்து உத்தரவு அனுப்பியது. தவறென்று கண்டபோது தன் தீர்ப்பையே திருத்திக்கொண்ட நீதிமன்றத்தையும், அதற்கு இணங்கிய இலாகாவையும் நாம் பாராட்டுகிறோம்.

அதே நாளில் அந்த நீதிமன்றம் இன்னொரு வழக்கையும் தீர்த்தது. அதில் ஊழியருக்கு வண்டியால் வந்த நன்மை சுமார் 4,500 யூரோ. அவர் கம்பெனிக்குச் செலுத்தியது சுமார் 6,000 யூரோ. மிகுந்த 1,500 யூரோவை மற்றச் சம்பளத்திலிருந்து கழிக்க வேண்டும் என்று அவர் கேட்டார். அது முடியாதென்று சொல்லிவிட்டார்கள். நன்மை பூஜ்யம் வரை குறையலாம். பூஜ்யத்துக்குக் கீழே போய்ச் சம்பளத்தை அரிக்கக்கூடாது. இந்த எல்லையும் நியாயமே. சொந்தப் பயணத்துக்கு ஒருவன் அதிகம் செலவழித்தால் அந்தப் பாரத்தை மற்றப் பிரஜைகள் சுமக்க வேண்டியதில்லை. செலவைத் திட்டமாக நிரூபிக்க வேண்டிய கடமையும் ஊழியர் மேலேயே இருக்கிறது. உரிமையையும் அதன் வரம்பையும் ஒருங்கே நிறுத்திய இத்தீர்ப்புகளை நம் நிதி மந்திரி இலாகா கவனிப்பது நலம்.

"ஜெர்மனியின் கதை நமக்கெதற்கு?" என்பாரும் இருக்கக்கூடும். அவர்களுக்கு நம் சொந்த வரலாற்றையே ஞாபகப்படுத்துகிறோம். 1961ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தபோது, தன் வண்டியை உத்தியோகத்துக்காக உபயோகிக்கும் சம்பளக்காரர் அதைப் பராமரிக்கும் செலவைச் சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ள அதில் வழியிருந்தது. 1974இல் அந்தக் கழிவையும் வேறு சில கழிவுகளையும் எடுத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவான நிலைக்கழிவு ஒன்றை ஏற்படுத்தினார்கள். கணக்குத் தொல்லை குறையும் என்பது அன்று சொன்ன காரணம். 2005ஆம் வருஷத்து பட்ஜெட்டில் அந்த நிலைக்கழிவையும் எடுத்துவிட்டார்கள். 2018இல் ரூ. 40,000 என்று அதை மீண்டும் கொண்டு வந்தபோது, மாதம் ரூ. 1,600 வீதம் இருந்த போக்குவரத்துப் படி விலக்கையும், ரூ. 15,000 வரை இருந்த வைத்தியச் செலவு விலக்கையும் ரத்து செய்தார்கள். ஒரு கையால் ரூ. 34,200 எடுத்துக்கொண்டு மறு கையால் ரூ. 40,000 கொடுத்தது போலாயிற்று. 2019இல் அது ரூ. 50,000 ஆகவும், 2024இல் புதிய வரித்திட்டத்தில் ரூ. 75,000 ஆகவும் உயர்ந்தது. உயர்ந்ததை நாம் குறை கூறவில்லை. ஆனால் நாற்காலியை விட்டு எழாதவருக்கும், நாள் முழுவதும் வெயிலில் ஓடுகிறவருக்கும் அது ஒரே தொகை. வேலைக்காகச் செய்த உண்மைச் செலவு என்னும் தனி இனம் 1974இல் போனது போனதுதான்; 2025ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது திரும்பி வரவில்லை.

வியாபாரியின் நிலைமையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒருவர் தம் வியாபாரத்துக்காக வண்டி வைத்திருந்தால், பெட்ரோல், பழுது, இன்ஷ்யூரன்ஸ், தேய்மானம் ஆகிய யாவற்றையும் லாபத்திலிருந்து கழித்துக்கொள்கிறார். அதே வண்டி சொந்தக் காரியத்துக்கும் ஓடினால், வரி உத்தியோகஸ்தர் விகிதம் பார்த்து ஒரு பகுதியைத் தள்ளிவிட்டு மிச்சத்தை ஒப்புக்கொள்கிறார். இது முறைதான். வியாபாரியின் வண்டிக்கு விகிதம் பார்க்கத் தெரிந்த இலாகாவுக்கு, சம்பளக்காரரின் வண்டிக்கு மட்டும் விகிதம் பார்க்கத் தெரியாமற் போவானேன்? சம்பளக்காரரிடமிருந்து வரி அவர் கைக்குச் சம்பளம் வருமுன்பே பிடிக்கப்படுகிறது. ஒளிக்கவோ தாமதிக்கவோ அவரால் இயலாது. தவறாமல் கொடுக்கிறவரிடம்தான் தயவு குறைவாயிருக்க வேண்டும் என்பது என்ன தர்மம்?

இன்னும் ஒரு சாரார் இருக்கின்றனர். கம்பெனி வண்டியும் இல்லாமல், தங்கள் மோட்டார் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ கம்பெனி வேலைக்காக அலைகிறவர்கள் அவர்கள். கம்பெனி அதற்கென்று படி கொடுத்து, அது வேலைக்கே செலவானால், படிக்கு வரியில்லை. கம்பெனி கொடாவிட்டால், அதே செலவைத் தாமே செய்கிறவருக்குக் கழிவு கிடையாது. அதாவது, முதலாளி நல்லவராயிருந்தால் சட்டமும் நல்லதாயிருக்கிறது. முதலாளி கைமூடியாயிருந்தால் சட்டமும் கை மூடிக்கொள்கிறது. பிரிட்டனிலோ, சொந்த வண்டியில் உத்தியோகப் பயணம் செய்கிறவருக்கு முதலாளி நிர்ணய விகிதத்துக்குக் குறைவாகக் கொடுத்தால், எஞ்சியதற்கு அவர் சர்க்காரிடம் வரிக்கழிவு கேட்கலாம். கம்பெனி வண்டியில் வேலைக்காகப் போகும்போது எரிபொருளுக்குத் தாம் செலவிட்டதற்கும் கேட்கலாம். நம்மை ஆண்டபோது நமக்கு எத்தனையோ வரிகளைக் கற்பித்தவர்களின் நாட்டில் உள்ள இந்த நல்ல வழக்கத்தை மட்டும் நாம் கற்றுக்கொள்ளவில்லை.

இனி ஆட்சேபங்களைக் கவனிப்போம். கழிவு கொடுத்தால் பொய் ரசீதுகள் பெருகும் என்பது முதல் ஆட்சேபம். பொய்யர்கள் எந்த விதியிலும் உண்டு. பெட்ரோல் பங்கில் கொடுக்கும் பணம் பெரும்பாலும் பாங்கி மூலமாகவே செல்லுகிற இந்நாளில், மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவது முன்னைவிட எளிது. ஓடிய தூரத்துக்கும் போட்ட எரிபொருளுக்கும் பொருத்தம் பார்த்தால் புளுகு வெளியாகிவிடும். பொய்யனுக்கு அபராதம் விதியுங்கள். அவனைக் காரணமாகக் காட்டி மெய்யனைத் தண்டிக்காதீர்கள்.

கணக்கு வைப்பது கஷ்டம் என்பது இரண்டாவது. முழுவதும் உத்தியோகத்துக்கே ஓடும் வண்டிக்குத் தேதி, போன இடம், ஓடிய தூரம், ஆன செலவு எல்லாவற்றுக்கும் குறிப்புக் கேட்டதே அந்தப் பழைய விதி! கேட்கும்போது சாத்தியமாயிருந்தது, கொடுக்கும்போது அசாத்தியமாகிவிடுமா? கணக்கு வைக்க விரும்பாதவர் நிர்ணயத் தொகையையே ஒப்புக்கொள்ளட்டும். வைக்க விரும்புகிறவருக்கு வழி திறந்திருக்கட்டும்.

பொக்கிஷத்துக்கு நஷ்டம் வரும் என்பது மூன்றாவது. கோடி ரூபாய் வண்டிக்கும் எட்டு லட்ச ரூபாய் வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தை வரிக் கணக்கிலும் காட்டினால், கீழே விட்டுக்கொடுப்பதை மேலே வாங்கிக்கொள்ள வழி பிறக்கும். ஜெர்மனியைப் போல ஒரு சதவீதம் என்று இங்கே விதிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. எட்டு லட்ச ரூபாய் வண்டிக்கு அது மாதம் ரூ. 8,000 ஆகிவிடும். விகிதம் நம் நிலைமைக்கேற்றதாய் இருக்கட்டும். அளவுகோல் மட்டும் எஞ்சின் லிட்டராக இராமல் வண்டியின் விலையாக இருக்கட்டும்.

ஆகவே நாம் கோருவது மூன்று. முதலாவது, கம்பெனி வண்டிக்காக ஊழியர் தம் கையிலிருந்து செலவிட்டது எதுவாயினும், முழுவதாயினும் பகுதியாயினும், ரசீதோடு நிரூபித்தால், அவர் அடைந்ததாகக் கணக்கிடும் நன்மையிலிருந்து பூஜ்யம் வரையில் கழிக்கப்பட வேண்டும். இரண்டாவது, அந்த நன்மையின் மதிப்பு வண்டியின் விலையைத் தொடர்ந்து செல்ல வேண்டும். மூன்றாவது, சொந்த வண்டியில் முதலாளியின் வேலைக்காக ஓடி, அதற்குப் படி பெறாத ஊழியருக்கு, 1974க்கு முன் இருந்த உரிமை தக்க வரம்புகளோடு திரும்பக் கொடுக்கப்பட வேண்டும். நிர்ணயத் தொகைகளை அவ்வப்போது கூட்டுவதும் குறைப்பதும் சர்க்காரின் வேலை. அவற்றுக்கு அடியில் இருக்க வேண்டிய நெறியைத்தான் நாம் கேட்கிறோம். இவற்றில் பெரும்பகுதியை விதிகளைத் திருத்தியே செய்துவிடலாம்; பார்லிமெண்டின் அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதுமில்லை.

ஆனால் கேளாமல் எதுவும் கிடைப்பதில்லை. கம்பெனி முதலாளிகளின் சங்கங்கள் ஒவ்வொரு பட்ஜெட்டுக்கு முன்பும் டில்லிக்கு மகஜர் கொண்டு போகின்றன. மருந்துப் பிரதிநிதிகளின் சங்கங்களும், பாங்கி ஊழியர் சங்கங்களும், எஞ்சினீயர் சங்கங்களும் சம்பள உயர்வைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த வரி அநியாயத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கம்பெனி கூட்டிக்கொடுத்ததைக் கணக்குப் பிழையால் சர்க்கார் எடுத்துக்கொண்டால் உயர்வினால் பயன் என்ன? ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினரிடமிருந்து ஒரு வருஷத்து வண்டிக் கணக்கைத் திரட்டட்டும். எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு பெற்றதாக எழுதப்பட்டது என்பதை இரண்டு பத்திகளாக எழுதி, தங்கள் தொகுதிப் பார்லிமெண்ட் அங்கத்தினரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். நூறு பிரசங்கங்களைவிட அந்த இரண்டு பத்திகள் அதிகம் பேசும்.

1860இல் அந்நிய சர்க்கார் இந்தத் தேசத்தில் முதல் வருமான வரியை விதித்தபோது நம்மைக் கேட்டு விதிக்கவில்லை. இன்று வரி விதிப்பவர்கள் நம் வோட்டினால் அங்கே இருப்பவர்கள். சுயராஜ்யத்தில் வரி கொடுப்பது கடமை; கணக்கு நேராயிருக்க வேண்டுமென்று கேட்பதும் அதே கடமையின் பாகம். பிரஜை பெற்றதை ஒளிக்கக்கூடாது. சர்க்கார் பிரஜை கொடுத்ததை மறக்கக்கூடாது.